வாழ்க்கைத்துணைக்கு மறதி நோய்: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

டிமென்ஷியா என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது மாத்திரையைப் பற்றி. மாத்திரையை அடுத்த மாதமும் கேட்டுக்கொள்ளலாம். வங்கியில் அவர் போட வேண்டிய கையெழுத்தை அடுத்த வருடம் அவரால் போட முடியாமல் போகலாம். கணவருக்கு இந்த நோய் வந்து வீட்டிலேயே வைத்துப் பார்த்தவள் நான். அதன்பிறகு இதே நிலையில் இருக்கும் பலரோடு பேசி வருகிறேன். அன்பிலோ உழைப்பிலோ யாரும் குறை வைப்பதில்லை. தடுமாறுவதெல்லாம் வரிசையில்தான்.

அவர் கையாலும் வாயாலும் நடக்க வேண்டியவை முதலில். அவர் புதிதாகப் பழக வேண்டியவை அடுத்து. நீங்கள் தனியாகவே பார்த்துக்கொள்ளக் கூடியவை கடைசியில். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. 'அவர்' என்று எழுதியிருப்பதைக் கணவர் என்றோ மனைவி என்றோ உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி படித்துக்கொள்ளுங்கள்.

1. நோய் இன்னதென்று உறுதி செய்துகொள்ளுங்கள்

மறதி என்றாலே அல்சைமர் என்று வீட்டில் முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சோடியம் குறைவு, மன அழுத்தம், எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம் எல்லாமே இதே மாதிரி காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நரம்பியல் டாக்டரோ, மனநல டாக்டரோ, முதியோர் மருத்துவரோ ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் எழுதித் தருவார்கள். அதோடு காது, கண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது கேட்காதவர் பாதி மறதிக்காரர் போலவே தெரிவார்.

போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, சளிக்கு வாங்கிய மாத்திரை, சிறுநீர் அடக்கத்துக்கான மாத்திரை என்று சில வகைகள் வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும்.

இங்கே எல்லோரும் சறுக்குவது ஒன்று உண்டு. டாக்டர் முன்னால் அவர் பளிச்சென்று பேசுவார், சிரிப்பார், பழைய கதை சொல்வார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னால் அவருக்கு அவமானம், உங்களுக்குக் குற்ற உணர்வு. அதனால் என்னென்ன மாற்றம், எப்போதிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று ஒரு பக்கத்தில் முன்கூட்டியே எழுதி, உள்ளே போகும் முன் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த வகை டிமென்ஷியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லூயி பாடி என்ற வகை உள்ளவர்களுக்கு, பதற்றத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடுமையான விளைவை உண்டாக்கும். நள்ளிரவில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசி போட வருபவருக்கு அந்த ஒரு வரிதான் எச்சரிக்கை.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் போன்ற மறதி நோய் மருந்துகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. டோனெபெசில் ஆரம்பித்து வாந்தி, பேதி, தலைசுற்றல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்திருந்தால், பழையதை உரித்து எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். முதுகில் பழைய பட்டை இருப்பதை மறந்து இன்னொன்று ஒட்டினால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

2. கையெழுத்து வேலைகளை உடனே முடியுங்கள்

பேசவே கஷ்டமான வேலை இது. 'இப்பவே சொத்தைப் பத்திப் பேசுறாளே' என்று உறவினர் சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பல மனைவிமார் தள்ளிப் போடுகிறார்கள். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் பவர் பத்திரம் இந்த நோய்க்குப் போதாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'பவர் வாங்கி வைத்திருக்கிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் அந்தப் பிறகு வரும்போது உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்க வேண்டியிருக்கும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராக 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. வழி இருக்கிறது, ஆனால் செலவும் அலைச்சலும் அதிகம்.

முதல் வேலை வங்கி. அவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குகளை இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். வைப்புத்தொகை, லாக்கர், காப்பீடு, அஞ்சலகச் சேமிப்பு எல்லாவற்றிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் வாங்குபவராக இருந்தால் பென்ஷன் ஆணையில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். பின்னால் குடும்ப பென்ஷன் வாங்கும்போது அந்த ஓர் எழுத்து மாதக்கணக்கில் இழுக்கும்.

உயில் எழுதுவதென்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். அவரைப் பார்க்கும் டாக்டரையே ஒரு சாட்சியாகப் போட முடிந்தால் நல்லது. அன்றைய தேதியில் அவர் தெளிவாக இருந்தார் என்று சான்றும் வாங்கி வையுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். நோய் தெரிந்த பிறகு எழுதிய உயிலை யாராவது கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

இவை முடிந்ததும் அவர் போனில் உள்ள யுபிஐ வரம்பையும் ஏடிஎம் வரம்பையும் குறைத்துவிடுங்கள். 'பேங்க்ல இருந்து பேசுறோம்' என்று வரும் அழைப்புக்கு ஓடிபி சொல்லிவிடுவது ஆரம்பக் கட்டத்திலேயே நடக்கும். சட்டைப்பையில் கொஞ்சம் சில்லறைப் பணம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பணமே இல்லாத பை அவரைப் பதற வைக்கும்.

3. அவர் என்ன விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள்

வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால் என்ன செய்யலாம், மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுக்கலாமா, ஐசியு வேண்டுமா, கடைசியில் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா. இந்தக் கேள்விகளுக்கு இன்று அவரிடம் பதில் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். நல்ல மனநிலையில் இருக்கும் காலை நேரத்தில் ஒன்று ஒன்றாகக் கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

சட்டப்படி வேண்டுமென்றால் உயிர் நீட்டிப்புச் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும்.

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, பின்னால் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்லும்போது 'அப்பா இப்படித்தான் சொன்னார்' என்று நீங்கள் நிமிர்ந்து சொல்ல முடியும் என்பது. அந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமக்காதீர்கள்.

4. மறைக்காமல் சொல்லுங்கள்

பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக வாட்ச்மேன், பக்கத்து வீடு, மளிகைக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், டீக்கடை, கோயில் குருக்கள் ஆகியோரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு நாள் வழி தெரியாமல் நின்றால் முதலில் பார்க்கப் போவது இவர்கள்தான். 'இவருக்கு ஞாபக மறதி நோய், தனியா பார்த்தா கையைப் பிடிச்சு உட்கார வச்சு எனக்கு போன் பண்ணுங்க' என்பது போதும்.

வீட்டு வேலை செய்யும் அக்காவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். காணாமல் போன மோதிரத்துக்கும் பணத்துக்கும் முதல் பழி அந்த அக்கா மேல்தான் விழும். முன்னமே சொல்லி வைத்தால் அந்த நாளில் மனம் உடைந்து வேலையை விட்டுப் போகமாட்டார்.

5. வீட்டை மாற்றுவது: பழக வேண்டியது முன்னால், தடுக்க வேண்டியது பின்னால்

தரையோடு இருக்கும் இந்தியக் கழிப்பறை மட்டும்தான் இருக்கிறது என்றால் இப்போதே உட்காரும் வகை ஒன்று போடுங்கள். முழங்கால் போன பிறகு போட்டால் அது எதற்கு என்றே அவருக்குப் புரியாது. கைப்பிடிக் கம்பி, தனிக் கட்டில், எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, வெல்க்ரோ ஒட்டும் வேட்டி, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி எல்லாமே அப்படித்தான். புதியதைக் கற்றுக்கொள்ளும் சக்திதான் முதலில் போகிறது. அதனால் புதியதெல்லாம் சீக்கிரம் வீட்டுக்குள் வர வேண்டும்.

தடுப்பு வேலைகளை நிலைமையைப் பார்த்துச் செய்யலாம். கேஸ் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடுவது, பினாயில், ஆசிட், பூச்சி மருந்தைப் பூட்டி வைப்பது, மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, ஊர் வீட்டில் கிணறு இருந்தால் கம்பி மூடி. பாத்ரூமில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அவர் பயந்து கத்துவதும், கதவை உடைப்பதும் பல வீடுகளில் நடந்தது. பூஜை விளக்கை நீங்கள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு எரியட்டும்.

வண்டி ஓட்டுவதை நிறுத்துவது பெரிய சண்டையாகும். நீங்கள் சொல்லாதீர்கள், டாக்டரைச் சொல்ல வையுங்கள், ஒரு சீட்டில் எழுதியும் வாங்குங்கள். மனைவி சொன்னால் அது தடை, டாக்டர் எழுதினால் அது வைத்தியம். அப்புறம் வண்டியைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நாற்காலி, பீரோ, சாமி படம் ஆகியவற்றை இடம் மாற்ற வேண்டாம். அவர் பாதி வீட்டைக் கண்ணால் இல்லாமல் காலால் தெரிந்து வைத்திருக்கிறார்.

6. பேசும் விதம்

நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். அவர் தவறாகச் சொன்னால் திருத்துவது நம் வாயில் ஊறிப்போனது. 'அதான் இப்ப சொன்னேனே' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடப் பழகினால், வீட்டில் பாதி சண்டை குறையும். அந்தப் பதில் அவர் மனதில் பதியவே இல்லை, அதனால் அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் முதல் கேள்விதான்.

வருகிற விருந்தாளிகள் எல்லோரும் ஒரு பரீட்சை வைப்பார்கள். 'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!' வாசலிலேயே தடுத்துவிடுங்கள். பதில் தெரியாமல் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். உள்ளே கூட்டி வரும்போதே 'உங்க தங்கச்சி பையன் திருச்சியிலேருந்து வந்திருக்கான்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

'அம்மா எங்கே?' என்று கேட்பார். இறந்து வருடங்கள் ஆகியிருக்கும். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது இன்று நடந்த சாவு. அழுவார், மறப்பார், மறுபடி கேட்பார். 'அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பாங்க?' என்று பேச்சைக் கூட்டிக்கொண்டு போங்கள். இது பொய்யாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் தேடுவது அம்மாவின் அருகாமையை. அதைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கேள்விகளை 'ஆமா, இல்லை'யில் முடிகிற மாதிரி கேளுங்கள். 'என்ன சாப்பிடுறீங்க' என்பதற்குப் பதில் 'இட்லி சாப்பிடலாமா?'. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.

7. குளியல், சாப்பாடு, கழிப்பறை

குளியலுக்கு அவர் வாழ்நாள் முழுக்கக் குளித்த நேரத்தையே வையுங்கள். வாளியில் வெந்நீர் எடுத்து வைத்து, மக்கை அவர் கையிலேயே கொடுங்கள். கை தானாகச் செய்யும். உதவ வேண்டிய நிலை வந்தால் பாதத்திலிருந்து மேலே போங்கள். திடீரென்று தலையில் தண்ணீர் விழுந்தால் பயந்து அடிப்பார். இடுப்பில் துண்டு இருக்கட்டும், அவருக்கு வெட்கம் போகவில்லை. மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிடுங்கள். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். ஈரத்துண்டால் துடைத்துவிட்டாலும் சரிதான்.

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வாழையிலையோ, அடர்ந்த நிறத் தட்டோ நல்லது. குழம்பு, பொரியல், ரசம் எல்லாவற்றையும் சுற்றி வைத்தால் எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தால் பலர் தாமே சாப்பிடுவார்கள். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்டால் வாதாடாமல், காலை நான்கு இட்லியை இரண்டு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எழுந்ததும், சாப்பிட்டதும் கழிப்பறைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். வேட்டியைப் பிடித்து இழுப்பது, எழுந்து எழுந்து உட்காருவது அவசரத்தின் அடையாளம். நனைந்துவிடுமே என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். பகலில் நன்றாகக் கொடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் குறையுங்கள்.

8. சாயங்காலம், சந்தேகம், வெளியே போய்விடுவது

பொழுது சாயும் நேரத்தில் அவர் நிலைகொள்ளாமல் நடப்பார், 'வீட்டுக்குப் போகணும்' என்பார். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள். சீரியல் சண்டையும் செய்திக் கூச்சலும் வேண்டாம், அவருக்கு அது நிஜமாக நடப்பதாகத் தெரியும். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது என்று கைக்கு வேலை கொடுங்கள். அவர் மடித்ததை அவர் எதிரே திரும்ப மடிக்காதீர்கள். அப்படியும் போக வேண்டும் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கே வாருங்கள்.

பணத்தைக் காணோம் என்றால் 'நான் எடுக்கலை' என்று ஆரம்பிக்காமல் 'வாங்க தேடலாம்' என்று ஆரம்பியுங்கள். அரிசி டிரம், தலையணை உறை, பூஜை அலமாரி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கண்ணாடியும் சாவிக்கொத்தும் ஒரே மாதிரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் வெளியே சொல்லாத ஒன்று: உங்கள் நடத்தையையே சந்தேகப்பட்டு அவர் பேசலாம். நோயின் வேலை என்று தெரிந்தாலும் வலிக்கும். நிரூபிக்கப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். கையை ஓங்கினால் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவரை அடக்க மருந்து எழுதினால் எத்தனை நாளுக்கு, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். மனநோய்க்குத் தரும் இந்த மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிர் ஆபத்தையும் கூட்டும்.

வெளியே போய்விடக் கூடியவர் என்றால் கையில் போன் நம்பர் பொறித்த வளையம், சட்டைக்குள் தைத்த துணி முகவரி, உங்கள் போனில் அவருடைய சமீபத்திய போட்டோ மூன்றும் வேண்டும். காணவில்லை என்றால் 112க்கு உடனே சொல்லுங்கள். 24 மணி நேரம் காத்திருக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தேடும்போது பழைய வீடு, பழைய ஆபீஸ், வழக்கமான கோயில், பஸ் ஸ்டாப் என்ற வழியில் போங்கள்.

9. திடீரென்று மோசமானால் அது வேறு விஷயம்

இந்த நோய் மாதக்கணக்கில் நகரும். நேற்று நடந்தவர் இன்று எழவில்லை, பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூங்குகிறார், இல்லாததைப் பார்க்கிறார் என்றால் 'வியாதி முத்திடுச்சு' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து, கீழே விழுந்தது, பக்கவாதம் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். அன்றே டாக்டரிடம் போங்கள். வாய் கோணல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் 108. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தெரிந்த முகம் ஒன்று ராத்திரியும் பகலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

10. உங்களுக்கு ஆள் தேடுவது

அவரைப் பார்ப்பவரும் அறுபது எழுபது வயதுக்காரர்தான். உங்கள் பிபி மாத்திரையும் கண் ஆபரேஷனும் தள்ளிப் போகின்றன. பார்க்கிற நீங்கள் விழுந்தால் இரண்டு நோயாளிகள்.

முடியாமல் போன பிறகு ஆள் வைப்பது தாமதம். இன்னும் நீங்களே சமாளிக்கும் நாட்களில் வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில மணி நேரத்துக்கு ஒருவரை வரவழையுங்கள். 'எனக்கு முட்டி வலி, எனக்கு உதவிக்கு' என்று அறிமுகம் செய்யுங்கள். அந்த முகம் பழகிவிட்டால் பின்னால் குளிப்பாட்டவும் விடுவார். அந்த மணி நேரங்களில் சமைக்காதீர்கள். வெளியே போங்கள், இல்லை தூங்குங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் 'பரவாயில்லை, பார்த்துக்கிறேன்' என்று சொல்வதை நிறுத்துங்கள். மருந்து ஆர்டர், கரண்ட் பில், காப்பீடு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அங்கிருந்தே செய்ய முடிந்த வேலைகள். வருடத்தில் ஒரு தடவை வரும்போது விருந்தாளியாக இல்லாமல், உங்களை வெளியூர் அனுப்பிவிட்டு அவர்கள் பார்க்கட்டும்.

இந்தியாவில் இந்த நோய்க்கென்றே ஏஆர்டிஎஸ்ஐ என்ற அமைப்பு 1992லிருந்து இயங்குகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் என்ற டிமென்ஷியா மையம் இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567. உங்கள் மனதுக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

11. படுக்கையோடு ஆன பிறகு

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காற்றுப் படுக்கை போட்டிருந்தாலும் இது வேண்டும். குதிகால், இடுப்பு, வால் எலும்பு ஆகியவற்றைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, புண்ணின் ஆரம்பம்.

விழுங்க முடியாமல் இருமினால் படுத்தபடி ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாய். தண்ணீரும் காபியும்தான் அதிகம் புரையேறும். கூழ் பதத்தில் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கடைசிக் கட்டத்தில் உணவுக் குழாய் போடுவது ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை, புரையேறுவதையும் தடுப்பதில்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். வீட்டிலேயே முடிய வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தால், எந்த டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து இறப்புச் சான்று தருவார் என்று இப்போதே கேட்டு, அந்த டாக்டரின் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். அது தெரியாத குடும்பங்கள்தான் கடைசி மணி நேரத்தில் அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றன.